உள்ளே மூன்றைக் கழித்தால் வலப்பக்கம் ஏன் போகிறது?

சென்ற வாரம் கடற்கரையில் காலை நடைக்கு வந்த நண்பர் ஒருவர், "என்ன சார், ரொம்ப நாளா ஒண்ணும் எழுதலையே, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை. இரண்டு வாரமாக நான் பதினோராம் வகுப்புக் கணக்கு படித்துக்கொண்டிருந்தேன். எழுபத்தாறு வயதில் இது தேவையா என்று வீட்டிலும் கேட்டார்கள். கதையைச் சொல்கிறேன். கணக்கு என்றதும் பக்கத்தை மூடிவிடாதீர்கள். சம்பளக் கணக்கும் பென்ஷன் கணக்கும் வரும்.

என் மகள் வயிற்றுப் பேத்தி பதினோராம் வகுப்பில் கணக்குப் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள், வழக்கம்போல் பாட்டியிடம் போகாமல் நேராகத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். முகம் சரியில்லை. "தாத்தா, நான் காமர்ஸ் குரூப்புக்கு மாறிடலாம்னு இருக்கேன். இந்த மாசத்துக்குள்ள சொன்னா மாத்திக் கொடுப்பாங்களாம்" என்றாள்.

வணிகவியல் படிப்பதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பத்தாம் வகுப்புவரை கணக்கை ஆசையாகப் போட்ட பெண் இவள். ஏன் என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு விடைத்தாளை எடுத்துக் காட்டினாள். ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்றில் இரண்டைக் கழித்திருந்தார்கள். சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. வேறு ஒரு வார்த்தையும் இல்லை.

பாடம் இதுதான். ஒரு சார்பின் வரைபடம் கையில் இருக்கிறது. அதை வலமோ இடமோ, மேலோ கீழோ நகர்த்தினால், கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பினால், ரப்பர் மாதிரி இழுத்தால் அல்லது அமுக்கினால், சமன்பாடு எப்படி மாறும்? சமன்பாட்டைப் பார்த்து வரைபடத்தை எப்படி நகர்த்துவது? (கணக்குக் குறிகளை இங்கே தட்டச்சு செய்ய எனக்கு வராது. ஆகவே வாயால் சொல்வதுபோலவே எழுதுகிறேன்.)

பேத்தியின் நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு ஒரு பட்டியல் இருந்தது. வெளியே கூட்டினால் மேலே. வெளியே கழித்தால் கீழே. உள்ளே கூட்டினால் இடப்பக்கம். உள்ளே கழித்தால் வலப்பக்கம். வெளியே 2ஆல் பெருக்கினால் நீளும், உள்ளே 2ஆல் பெருக்கினால் சுருங்கும். கீழே சிவப்பில் அடிக்கோடிட்டு, "உள்ளே என்றால் எல்லாம் எதிர்மாறு. மனப்பாடம் செய்யவும்."

"ஏன் எதிர்மாறு?" என்று கேட்டேன்.

"அது அப்படித்தான் தாத்தா. ரூல்."

இந்த "அது அப்படித்தான்" என்ற பதிலோடுதான் எனக்குச் சண்டை. முப்பத்தேழு வருடம் அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். "அது அப்படித்தான்" என்பதைக் கேட்டும் இருக்கிறேன், கவுன்ட்டருக்கு வெளியே நின்ற எத்தனையோ பேரிடம் நானே சொல்லியும் இருக்கிறேன். காரணம் தெரியாதவனின் பதில் அது.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். 1962 ஆகஸ்டு 16 அன்று ஊர் சட்டப்படி கைமாறிய பிறகும் எங்களில் சிலர் அந்த வழியிலேயே படித்து முடித்தோம். எங்கள் கணக்கு முசியே கையில் எப்போதும் இரண்டு தாள் இருக்கும். ஒன்று 'பப்பியே மிலிமெத்ரே', அதாவது மில்லிமீட்டர் கட்டம் போட்ட தாள். இன்னொன்று 'பப்பியே கால்க்', வெண்ணெய்த்தாள் மாதிரி அடியில் உள்ளது தெரியும் தாள். முதல் நாள் எக்ஸ் வர்க்கத்தின் வளைகோட்டை, நம் வீட்டுக் கிண்ணம் மாதிரி இருக்குமே, அதைக் கட்டத் தாளில் வரையச் சொன்னார். பிறகு கால்க் தாளை மேலே வைத்துப் பென்சிலால் படியெடுக்கச் சொன்னார். அதற்குப் பிறகு மூன்று வாரம் புதிதாக எதையும் வரையவில்லை. அந்தப் படியைத்தான் தள்ளினோம், புரட்டினோம்.

தள்ளும்போதெல்லாம் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான். "இந்தப் புதிய இடத்தில் உட்கார்ந்திருக்கும் புள்ளி, பழைய இடத்தில் எங்கே உட்கார்ந்திருந்தது?" ஊரை விட்டுப் போனவரின் பழைய விலாசத்தைக் கேட்பதுபோல.

நகர்த்தலுக்கு அவர் சொன்ன பிரெஞ்சுச் சொல் 'திரான்ஸ்லாசியோன்'. பிற்பாடு வேலையில் சேர்ந்து ஆங்கிலக் கோப்புகளைப் பார்த்தபோது 'டிரான்ஸ்லேஷன்' வேண்டும் என்று அதிகாரி எழுதியிருந்தார். எதை எங்கே நகர்த்தச் சொல்கிறார் என்று அரை மணி நேரம் விழித்துக்கொண்டிருந்தேன். பிரெஞ்சில் மொழிபெயர்ப்புக்கு வேறு சொல் உண்டு. பக்கத்து மேசைக்காரர் விளக்கிச் சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் யோசித்துப் பார்த்தால் நம் தமிழும் அதையேதான் சொல்கிறது. மொழிபெயர்ப்பு, சனிப்பெயர்ச்சி, இடப்பெயர்ச்சி எல்லாவற்றிலும் இருப்பது பெயர்த்தல்தான். ஓரிடத்தில் இருப்பதைக் கிளப்பி இன்னோரிடத்தில் வைப்பது.

சரி, உள்ளே மூன்றைக் கழித்தால் ஏன் வலப்பக்கம் போகிறது? பேத்திக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் ஊரிலிருந்து விழுப்புரத்துக்கு எட்டு மணிக்கு ஒரு பேருந்து புறப்படுகிறது, ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேரத்தைக் கிடையாகவும், போன தூரத்தை மேலாகவும் வைத்துக் கோடு வரையலாம். இன்றைக்கு ஓட்டுநர் டீ குடிக்கப் போய் அரை மணி தாமதம். மற்றபடி வண்டி அதே வேகத்தில், அதே நிறுத்தங்களில் நின்று போகிறது. இப்போது ஒன்பது மணிக்கு வண்டி எங்கே இருக்கும்? நேற்றைய வண்டி எட்டரைக்கு எங்கே இருந்ததோ அங்கே. ஒன்பதரைக்கு? நேற்று ஒன்பது மணிக்கு இருந்த இடத்தில். ஆக, இன்றைய வண்டியின் இடத்தைத் தெரிந்துகொள்ள, கடிகாரத்தில் அரை மணியைக் கழித்துவிட்டு நேற்றைய கோட்டைப் பார்க்க வேண்டும். கழிக்கிறோம். ஆனால் கோடு? எட்டில் தொடங்கிய கோடு எட்டரையில் தொடங்குகிறது. வலப்பக்கம் போய்விட்டது. இதில் எதிர்மாறு எங்கே இருக்கிறது? தாமதமாக வந்தால் பழைய நேரத்தைப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

பேத்தி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்போ எக்ஸில் 3 கழிச்சு வர்க்கம் எடுத்தா, 3ல் தான் பூஜ்யம் வரும், இல்லையா? கிண்ணத்தோட அடி 3க்குப் போயிடும்" என்றாள். போட்டுப் பார்த்தாள். 3க்குப் பூஜ்யம், 4க்கு 1, 5க்கு 4. பழைய கிண்ணத்தில் 0, 1, 2 என்று இருந்தவர்கள் பெற்றதைப் புதிய கிண்ணத்தில் 3, 4, 5 பெறுகிறார்கள்.

உள்ளே 2ஆல் பெருக்கினால் சுருங்குவதற்கு அவளே உதாரணம் சொன்னாள். பாரீஸில் இருக்கும் என் தங்கை வாட்ஸ்அப்பில் ஆறு நிமிடத்துக்குக் குறையாமல் குரல் செய்தி அனுப்புவாள். நான் முழுதும் உட்கார்ந்து கேட்பேன். பேத்தி அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு மூன்று நிமிடத்தில் முடித்துவிடுவாள். நான் நான்காவது நிமிடத்தில் கேட்கும் புகாரை அவள் இரண்டாவது நிமிடத்திலேயே கேட்டுவிடுகிறாள். நேரத்தை இரண்டால் பெருக்கினால் செய்தி பாதியாகச் சுருங்குகிறது. "அத்தைப் பாட்டி சுருங்கிட்டாங்க" என்று அவள் சிரித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் சிரிப்பு அதுதான்.

கவனியுங்கள், வேகமாக ஓடவிட்டால் குரல் விரைகிறது, சத்தம் கூடுவதில்லை. சத்தத்தைக் கூட்டுவது வேறு பொத்தான். அது வெளியே பெருக்குவது, மேல்கீழாக இழுப்பது.

இப்போது சம்பளத்துக்கு வருகிறேன். நம் வயதுக்காரர்களுக்கு அதுதான் நன்றாகப் புரியும்.

வெளியே கூட்டுவதும் வெளியே பெருக்குவதும் என்னவென்று எந்தக் குமாஸ்தாவுக்கும் தெரியும், பெயர்தான் தெரியாது. எல்லாருக்கும் ஒரே தொகையாக 100 ரூபாய் உயர்வு என்றால் சம்பளக் கோடு முழுதும் அப்படியே மேலே போகிறது. 300 வாங்குபவருக்கு 400, 3000 வாங்குபவருக்கு 3100. இடைவெளி அதே 2700. பத்து சதவீத உயர்வு என்றால் கோடு இழுபடுகிறது. 300க்கு 330, 3000க்கு 3300. இடைவெளி 2970. தொழிற்சங்கக் கூட்டங்களில் "சதவீதம் வேண்டாம், ஒரே தொகையாகக் கொடு" என்று கீழ்நிலை ஊழியர்கள் கத்தியதும், அதிகாரிகள் சங்கம் சதவீதத்துக்கு நின்றதும் இதற்காகத்தான். நகர்த்தலுக்கும் நீட்டலுக்கும் நடந்த சண்டை அது.

ஆறாவது சம்பளக் கமிஷன் நினைவிருக்கிறதா? 2006 ஜனவரி 1 முதல் கணக்கு. பழைய அடிப்படைச் சம்பளத்தை 1.86ஆல் பெருக்கி, அதன்மேல் கிரேடு பே கூட்ட வேண்டும். முதலில் இழு, பிறகு மேலே நகர்த்து. ஓய்வு பெறப் போகிற காலத்தில் எங்கள் அலுவலகத்தில் அத்தனை பேருக்கும் அந்தக் கணக்கைப் போட்டவன் நான். ஏழாவது கமிஷன் 2016இல் வந்தபோது கிரேடு பேயையும் உள்ளே சேர்த்து 2.57ஆல் பெருக்கச் சொன்னார்கள். குறைந்தபட்சச் சம்பளம் 7000 என்றிருந்தது, 2.57 மடங்கில் 17,990. அதை 18,000 ஆக்கினார்கள். நம் பென்ஷனையும் அதே 2.57தான் இழுத்தது. அந்த மாதம் பாஸ்புக்கைப் பார்த்த சந்தோஷத்தில் அது ஒரு வரைபட உருமாற்றம் என்று யாருக்குத் தோன்றியது!

எதை முதலில் செய்வது என்ற வரிசை எவ்வளவு முக்கியம் என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலையில் சேர்ந்த புதிதில், எழுபதுகளில், சம்பளப் பட்டியல் போடும் வேலை என்னிடம் வந்தது. சதவீதக் கணக்கில் ஒரு படி, அதோடு எல்லாருக்கும் சமமாக ஒரு நிலையான படி. எண்களை எளிதாக்கிச் சொல்கிறேன். சம்பளம் 300, சதவீதம் 10, நிலையான படி 20 ரூபாய். முதலில் சதவீதம், பிறகு 20 என்றால் 350. நான் என்ன செய்தேன்? முதலில் 20ஐச் சேர்த்து 320 ஆக்கி, அதற்குப் பத்து சதவீதம் போட்டேன். 352. ஆளுக்கு இரண்டு ரூபாய் அதிகம். சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் அதே இரண்டு ரூபாய்தான், ஏனென்றால் அந்த 20இன் பத்து சதவீதம்தானே கூடிப்போனது. எல்லாருக்கும் ஒரே மாதிரி கூடியதால் யார் கண்ணுக்கும் படவில்லை. ஐந்து மாதம் கழித்துத் தணிக்கையில் பிடித்தார்கள். ஆளுக்குப் பத்து ரூபாய், ஒரே தவணையில் பிடித்தம். அது தீபாவளி மாதம்.

அதிகாரிகளுக்குப் பத்து ரூபாய் பெரிதில்லை. எங்கள் அலுவலகக் கடைநிலை ஊழியர் ஒருவர், என் அப்பா வயது, சம்பளக் கவரைப் பிரித்து எண்ணிப் பார்த்தார், மறுபடி எண்ணினார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு டீ வாங்கி வரப் போய்விட்டார். அந்த டீ எப்படித் தொண்டையில் இறங்கியது என்று எனக்குத்தான் தெரியும். இரண்டு செயலை இடம் மாற்றிச் செய்ததற்கு இந்த விலை. யாராவது எனக்கு அப்போது, "முதலில் இழுத்து நகர்த்துவதும், நகர்த்தி இழுப்பதும் ஒன்றல்ல, ஏனென்றால் நகர்த்தியதும் சேர்ந்து இழுபடும்" என்று ஒரு படம் போட்டுக் காட்டியிருந்தால் நான் தவறியிருக்க மாட்டேன். முசியே மூன்று வாரம் கால்க் தாளோடு காட்டியதை அலுவலகத்தில் நான் பொருத்திப் பார்க்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இனி அந்த விடைத்தாள். கேள்வி: எக்ஸ் வர்க்கத்தின் வரைபடத்திலிருந்து, 2 எக்ஸில் 6ஐக் கழித்து முழுவதையும் வர்க்கம் எடுத்ததன் வரைபடத்தை உருமாற்றங்களால் பெறுக.

விடைக்குறிப்பின் வழி இது. முதலில் 6 வலப்பக்கம் நகர்த்து. பிறகு கிடையாகப் பாதியாகச் சுருக்கு. கிண்ணத்தின் அடி 6க்குப் போய், சுருங்கும்போது 3க்கு வந்து நிற்கும். சரியான வழிதான்.

பேத்தி என்ன செய்திருந்தாள்? உள்ளே இருந்த 2ஐப் பொதுவாக வெளியே எடுத்திருந்தாள். 2 எக்ஸ் கழித்தல் 6 என்பது எக்ஸ் கழித்தல் 3இன் இரு மடங்கு. வர்க்கம் எடுத்தால் அந்த 2 நான்காக வெளியே வந்துவிடும். ஆகவே, 3 வலப்பக்கம் நகர்த்து, மேல்நோக்கி 4 மடங்கு இழு. முடிந்தது.

இரண்டும் ஒரே வளைகோடு. எனக்கே முதலில் சந்தேகம் இருந்தது. புள்ளி புள்ளியாகப் போட்டுப் பார்த்தேன். 3க்குப் பூஜ்யம். 4க்கும் 2க்கும் 4. 5க்கும் 1க்கும் 16. இரண்டு வழியிலும் அதேதான். வர்க்கத்துக்கு இப்படி ஒரு குணம் இருக்கிறது. அகலத்தைப் பாதியாக்குவதும் உயரத்தை நான்கு மடங்காக்குவதும் அதற்கு ஒன்றே. தங்கையின் குரல் செய்திக்கு அது நடக்காது. எல்லாச் சார்புக்கும் நடக்காது. வர்க்கத்துக்கு நடக்கும் என்பதைக் கண்டுபிடித்து எழுதிய பெண்ணுக்குப் பாராட்டு கிடைத்திருக்க வேண்டும், கிடைத்ததோ கேள்விக்குறி.

"மிஸ்கிட்ட கேட்டியா?" என்றேன்.

"கேட்டேன். கீயில இல்லன்னு சொன்னாங்க. நான் சரியாத்தான் போட்டேன்னு நினைச்சேன் தாத்தா. இப்போ எது சரின்னே எனக்குத் தெரியல. அதான் வேணாம்னு இருக்கு."

இரண்டு மதிப்பெண்ணுக்காக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். அது போனால் போகட்டும். தான் யோசித்தது சரியா தவறா என்று தானே சோதித்துப் பார்க்கலாம், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம் என்பதுதான் கணக்கில் உள்ள ஒரே சுகம். அலுவலகத்தில் அந்தச் சுகம் கிடையாது. அங்கே மேலதிகாரி சுழித்தால்தான் சரி. கணக்கையும் அப்படி ஆக்கிவிட்டால் பிள்ளைகள் அதை எதற்காகப் படிக்க வேண்டும்?

ஆசிரியரை நான் குறை சொல்லவில்லை. மேலும் விசாரித்தேன், ஒரு வகுப்பில் நாற்பதுக்கு மேல் பிள்ளைகள், அந்த மிஸ்ஸுக்கு நான்கு பிரிவு. ஒரு கட்டு விடைத்தாளை ஓரிரவில் திருத்த வேண்டும் என்றால், குறிப்பில் இல்லாத வழியை நின்று நிதானமாகப் பார்க்க யாருக்கு நேரம்? நானும் கோப்புகளை அப்படித் தள்ளியவன்தான். விதியை மனப்பாடம் செய்தால் ஐந்தில் மூன்றாவது எல்லாருக்கும் வந்துவிடும் என்று அவர்கள் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் "உள்ளே என்றால் எதிர்மாறு" என்ற ஒரு வரி தேர்வறையில் பதற்றத்தில் புரண்டுவிட்டால், அதைத் திரும்ப நேராக்கப் பிள்ளையிடம் எதுவும் இருக்காது. பேருந்து நினைவிருந்தால் போதும், விதியை நின்ற இடத்திலேயே மறுபடி உண்டாக்கிக்கொள்ளலாம்.

இப்போது கைபேசியிலேயே டெஸ்மோஸ் என்று ஒன்று இருக்கிறது. பேத்தி காட்டினாள். ஒரு பொத்தானை விரலால் இழுத்தால் வளைகோடு சறுக்கிக்கொண்டே போகிறது. அழகுதான், மறுக்கவில்லை. முசியே இருந்தால் குழந்தை மாதிரி விளையாடியிருப்பார். எனக்கு ஒரு குறை மட்டும் படுகிறது. அது எங்கே போகிறது என்று காட்டுகிறது, ஏன் போகிறது என்று கேட்கவிடாமல் சீக்கிரம் காட்டிவிடுகிறது. கால்க் தாளைக் கையால் மூன்று கட்டம் தள்ளும்போது, ஒவ்வொரு கட்டத்திலும் எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கையில்தான் விஷயம் உள்ளே இறங்குகிறது. பள்ளிகள் டெஸ்மோஸை வைத்துக்கொள்ளட்டும். அதற்கு முன் ஒரு வாரம் இருபது ரூபாய்க்குக் கொஞ்சம் டிரேசிங் பேப்பர் வாங்கிக் கொடுக்கட்டும் என்பதுதான் என் கட்சி. வேறு வழியில் சரியாகப் போட்ட பிள்ளைக்கு முழு மதிப்பெண் என்று விடைக்குறிப்பிலேயே ஒரு வரி சேர்க்கட்டும். மையத் தேர்வுகளுக்கு மட்டுமல்ல, வகுப்புத் தேர்வுகளுக்கும்.

திருப்புவதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதற்கு எங்கள் அலுவலக ரப்பர் ஸ்டாம்ப் போதும். ஸ்டாம்பில் எழுத்துகள் இடம் வலமாகச் செதுக்கியிருக்கும். தாளில் அடித்தால் நேராகும். எக்ஸுக்குப் பதில் கழித்தல் எக்ஸ் போடுவது அதுதான். வெளியே கழித்தல் குறி போடுவது, குளக்கரையில் நிற்கும் கோபுரம் தண்ணீரில் தலைகீழாகத் தெரிவது. ஸ்டாம்பில் 'ப' என்ற எழுத்தைச் செதுக்குகிறவருக்கு வேலை சுலபம். திருப்பினாலும் அது ப தான். நம் கிண்ணமும், எக்ஸ் வர்க்கமும், அந்த ஜாதிதான். கழித்தல் எக்ஸ் போட்டாலும் அசையாது.

ஒரு உபகதை. கணக்கையும் வரைபடத்தையும் இப்படி இணைத்துப் பார்க்கும் வழியைத் திறந்தவர்களில் ஒருவர் தெகார்த். 1637இல் தம் வடிவியல் நூலை லத்தீனில் எழுதாமல் பிரெஞ்சில் எழுதினார். அச்சானது ஹாலந்தில், லெய்டன் நகரில். தெரியாத எண்ணுக்கு எக்ஸ், ஒய், இசட் என்று கடைசி எழுத்துகளைப் போடும் பழக்கம் அவரிடமிருந்து வந்ததுதான். பண்டிதர் மொழியை விட்டுப் பேசுகிற மொழியில் எழுதிய மனிதர் என்று எங்கள் முசியே அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார். கணக்கை வீட்டு மொழியில் யோசிக்கலாம் என்ற தைரியம் எனக்கு அங்கேதான் வந்ததோ என்னவோ. பேத்திக்கு நான் சொன்ன பேருந்தும் அத்தைப் பாட்டியும் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

அவள் என்ன முடிவெடுத்தாள் என்று கேட்பீர்கள். மகள், "அப்பா, நீங்க ஸ்கூலுக்குப் போய் வாதாடாதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நான் போகவில்லை. பேத்தி தானே டிரேசிங் பேப்பரில் இரண்டு வழியையும் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒரு நாள் இடைவேளையில் மிஸ்ஸிடம் காட்டியிருக்கிறாள். அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம். மதிப்பெண்ணைத் திருத்தவில்லை, பதிவேட்டில் ஏறிவிட்டதாம். அந்தத் தாளைத் தாம் வைத்துக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டாராம். பிரிவு மாற்றும் விண்ணப்பம் இன்னும் அவள் பையில்தான் இருக்கிறது. இந்த மாதம் முடிய ஒன்பது நாள் பாக்கி.

நேற்று மாலை போனில் கூப்பிட்டாள். "தாத்தா, எக்ஸுக்கு இரண்டு பக்கமும் நேர்கோடு போட்டு மட்டு எடுத்தா வரைபடம் என்ன ஆகும்? உள்ளே மட்டும் மட்டு."

கழித்தல் 2 போனாலும் உள்ளே 2 ஆகத்தான் போகும், கழித்தல் 5 போனாலும் 5 தான். நான் சொல்லவில்லை. "தாளை நடு அச்சில் மடிச்சுப் பாரு" என்றேன். போனின் அந்தப் பக்கத்தில் தாள் மடிகிற சத்தம் கேட்டது. "வலப்பக்கம் அப்படியே இருக்கு... இடப்பக்கம் பழசு போயிடுச்சு... இருங்க தாத்தா, வெச்சிடாதீங்க" என்றாள். ஸ்கேலைத் தேடப் போனாள் போலிருக்கிறது.